விப்சி-4: கிண்டர்கார்டனுக்கு முன் இந்தச் சோதனைக்குப் பணம் கட்டலாமா?

அமெரிக்காவில் வளரும் நாலு வயதுப் பிள்ளை தானாகவே கதைப் புத்தகம் வாசிக்கிறது, இரண்டு இலக்க எண்களை மனக்கணக்காகக் கூட்டுகிறது என்றால், கிண்டர்கார்டன் சேர்க்கை நெருங்கும் நேரத்தில் யாராவது ஒருவர் “ஒரு ஐக்யூ டெஸ்ட் எடுத்துப் பாருங்களேன்” என்று சொல்லிவிடுவார்கள். இந்த வயதுக்கு அங்குள்ள உளவியலாளர்கள் அதிகம் பயன்படுத்துவது விப்சி-4. பியர்சன் நிறுவனம் 2012இல் வெளியிட்டது. 2 வயது 6 மாதம் முதல் 7 வயது 7 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கானது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சோதனை தரமானது, சின்னப் பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பதை ஒரு மணி நேரத்தில் இவ்வளவு தெளிவாகக் காட்டும் கருவிகள் குறைவு. ஆனால் அதன் அறிக்கையைக் கேட்கிற ஒரு பள்ளியோ திட்டமோ இல்லாதபோது அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

யார் கேட்கிறார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். நியூயார்க் நகரப் பொதுப்பள்ளிகளின் மீத்திறன் (வயதை மிஞ்சிய திறனுள்ள பிள்ளைகளுக்கான) கிண்டர்கார்டன் வகுப்புகளுக்கு ஒரு காலத்தில் நாலு வயதுப் பிள்ளைகள் தேர்வு எழுதினார்கள். 2021இல் அந்தத் தேர்வு நின்றுபோய், மழலைப்பள்ளி ஆசிரியரின் பரிந்துரையும் குலுக்கலும் வந்தன. அந்தச் சேர்க்கைக்கு விப்சி அறிக்கை உதவாது. அதே நகரின் தனியார் பள்ளிகள் விப்சியை அடிப்படையாகக் கொண்ட சோதனை ஒன்றைப் பல ஆண்டுகள் கேட்டுவந்தன. பயிற்சி மையங்கள் பிள்ளைகளைத் தயார்செய்து அனுப்ப ஆரம்பித்ததும் அந்த மதிப்பெண்ணை நம்ப முடியாமல் போனது; 2013இல் பள்ளிகளின் கூட்டமைப்பு அதைக் கைவிட முடிவெடுத்தது. இல்லினாயில் 2018 ஜூலை முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, வயது நிரம்பும் முன்பே கிண்டர்கார்டனில் சேர்ப்பது பற்றி ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் (ஒரு பகுதியின் பொதுப்பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) கொள்கை வைத்திருக்க வேண்டும். நியூஜெர்சியில் 2020இல் வந்த சட்டம் கிண்டர்கார்டன் முதலே மீத்திறன் பிள்ளைகளைக் கண்டறியச் சொல்கிறது. எப்படிக் கண்டறிவது என்பது மாவட்டத்தின் கையில். டெக்சாஸில் பல மாவட்டங்கள் கிண்டர்கார்டன் தொடங்கிய பிறகு தாங்களே சோதிக்கின்றன.

ஆகவே உளவியலாளருக்குப் போன் செய்யும் முன் பள்ளி மாவட்டத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வெளியில் எடுத்த தனிச் சோதனையை ஏற்பார்களா, எந்தச் சோதனையின் எந்தப் பதிப்பை ஏற்பார்கள், மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பார்களா அல்லது உட்பிரிவு மதிப்பெண்ணையும் ஏற்பார்களா, எத்தனை மாதத்துக்குள் எடுத்திருக்க வேண்டும், விண்ணப்பக் கடைசித் தேதி எது என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். சோதனை எடுத்த பிறகு, “எங்கள் பள்ளி உளவியலாளர் எடுத்தால்தான் செல்லும்” என்று தெரியவருவதுதான் இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கிற பண நஷ்டம்.

எந்த வயதில் எடுப்பது என்பதும் முக்கியம். விப்சி-4 உண்மையில் இரண்டு சோதனைகள். 3 வயது 11 மாதம் வரை ஒன்று, 4 வயது முதல் இன்னொன்று. சின்னவர்களுக்கான வடிவத்தில் சொல்லறிவு, இடஞ்சார் அறிவு, நினைவு ஆகிய மூன்றே உட்பிரிவுகள். புதிய சிக்கலை அவிழ்க்கும் திறனும் வேகமும் நாலு வயது வடிவத்தில்தான் சேர்கின்றன. மீத்திறன் பிள்ளைகளில் பலர் பளிச்சென்று தெரிவது அந்தச் சிக்கல் அவிழ்க்கும் பகுதியில்தான். நாலாவது பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவசரப்பட்டு எடுப்பது அந்தப் பகுதியையே இழப்பது. மறுபக்கம், பிள்ளைக்கு 6 வயது ஆகிவிட்டால் விப்சி வேண்டாம்; 6 முதல் 16 வயது வரைக்கான விஸ்க்-5ஐக் கேளுங்கள். மிக உயர்ந்த திறனுள்ள பிள்ளைக்கு விப்சியின் மேல்மட்டக் கேள்விகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நாலு வயது வடிவத்தின் மொத்த மதிப்பெண் ஆறு பகுதிகளிலிருந்து வருகிறது: இன்ஃபர்மேஷன் என்கிற பொது அறிவு, சிமிலாரிட்டீஸ் என்கிற ஒற்றுமை காணல், மாதிரியைப் பார்த்துக் கட்டைகளை அடுக்கும் பிளாக் டிசைன், விட்டுப்போன படத்தைக் கண்டுபிடிக்கும் மேட்ரிக்ஸ் ரீசனிங், பார்த்த படங்களை நினைவில் வைத்துக் காட்டும் பிக்சர் மெமரி, காட்டிய பூச்சியைப் பல பூச்சிகளுக்கு நடுவே தேடி முத்திரை குத்தும் பக் சர்ச். உட்பிரிவு ஐந்துக்கும் முழு மதிப்பெண் வேண்டுமானால் பத்துப் பகுதிகள் எடுக்க வேண்டும். பத்தும் எடுக்கச் சொல்லுங்கள். ஆறோடு நிறுத்தினால் நேரம் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் பிள்ளை எங்கே வலுவாக இருக்கிறது என்பதில் பாதி தெரியாமல் போய்விடும்.

குளறுபடி பெரும்பாலும் பக் சர்ச்சில்தான் ஆரம்பிக்கிறது. அது நேரம் வைத்து எடுக்கும் பகுதி. பிள்ளையின் கையில் மை முத்திரைப் பேனா கொடுத்து, சரியான பூச்சியின்மேல் சட்டென்று குத்தி அடுத்த வரிக்குப் போகச் சொல்வார்கள். எதையும் அச்சுப்பிசகாமல் செய்ய நினைக்கிற பிள்ளை, மை வட்டம் பூச்சியின் நடுவில் விழ வேண்டும் என்று பொறுமையாக வைத்து அழுத்தும். விடை எல்லாம் சரி, வேகம் குறைவு. சொல்லறிவில் 140 எடுத்த பிள்ளைக்கு வேகத்தில் 98 வந்து மொத்த மதிப்பெண் கீழே இறங்குவது இப்படித்தான். இதற்கு ஜி.ஏ.ஐ. என்கிற மாற்றுக் கணக்கு இருக்கிறது: முதலில் சொன்ன ஆறில் நினைவையும் வேகத்தையும் விட்டுவிட்டு மற்ற நாலு பகுதிகளிலிருந்து போடுவது. உட்பிரிவுகளுக்கு நடுவே பெரிய இடைவெளி இருந்தால் ஜி.ஏ.ஐ. மதிப்பெண்ணும் அறிக்கையில் வர வேண்டும் என்று முன்பே சொல்லிவையுங்கள். கேட்காவிட்டால் சிலர் போடுவதில்லை.

இன்னொரு சிக்கல், தெரியாததை ஊகிக்க மறுக்கும் பிள்ளை. பல பகுதிகளில் தொடர்ச்சியாகச் சில கேள்விகள் தவறினால் அந்தப் பகுதி அத்தோடு முடிந்துவிடும். தப்பாகச் சொல்லப் பயந்து “தெரியாது, தெரியாது” என்று அடுத்தடுத்துச் சொல்லும் பிள்ளைக்கு, அடுத்து வரவிருந்த, ஒருவேளை தெரிந்திருக்கக்கூடிய கேள்விகள் வரவே வராது. இதற்கு வீட்டில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. “கேள்வி கஷ்டமாகிக்கொண்டே போகும், பெரிய பிள்ளைகளுக்கான கேள்வியும் வரும், தோன்றியதைச் சொல்” என்று முந்தைய நாள் சொல்லுங்கள். அதற்கு மேல் எந்தத் தயாரிப்பும் வேண்டாம். இணையத்தில் விற்கும் பயிற்சிப் புத்தகங்களைத் தொடவே வேண்டாம். இந்தச் சோதனை புதிய கேள்வியைப் பார்க்கும் பிள்ளையை அளக்கிறது, பழகிய கேள்வி வந்தால் அளவே தவறிவிடும். அந்த மதிப்பெண்ணை நம்பித் தனக்குப் பொருந்தாத வகுப்பில் போய் உட்காரப்போவது பிள்ளைதான்.

வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது இது. சொல்லறிவுப் பகுதிகள் ஆங்கிலத்தில், அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துத் தரப்படுத்தப்பட்டவை. வீட்டுப் பொருளுக்கும் உணவுக்கும் உடம்பின் பாகங்களுக்கும் தமிழில் மட்டும் பெயர் தெரிந்த பிள்ளை, விஷயம் தெரிந்திருந்தும் அங்கே மதிப்பெண்ணை இழக்கும். “முழங்கை” என்று பிள்ளை சரியாகத்தான் சொல்லும். தமிழ் தெரியாத சோதனையாளருக்கு அது விடையாகவே தெரியாது. முன்பதிவுப் படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்பதையும், பிள்ளை எத்தனை வயதிலிருந்து ஆங்கிலம் கேட்டு வளர்கிறது என்பதையும் எழுதுங்கள். பத்துப் பகுதிகளும் எடுத்திருந்தால் பேச்சில்லாப் பகுதிகளிலிருந்து மட்டும் வரும் நான்வெர்பல் இண்டெக்ஸும் கிடைக்கும். சொல்லறிவு அதைவிடத் தாழ்ந்திருந்தால் மொழிச் சூழலும் காரணமாக இருக்கலாம் என்று உளவியலாளர் அறிக்கையில் எழுத வேண்டும். இதற்காக வீட்டில் தமிழை நிறுத்தும் பெற்றோரைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. ஒரு காலைப்பொழுதின் சோதனைக்காக ஆச்சியோடும் தாத்தாவோடும் பேசும் மொழியைப் பிள்ளையிடமிருந்து பறிக்கக்கூடாது.

சோதனை நாளுக்கு, காலை நேரமாகப் பார்த்து, சாப்பிட்ட பிறகு வரும்படி பதிவுசெய்யுங்கள். பத்துப் பகுதிகள் என்றால் இடைவேளையோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். பெரும்பாலும் பெற்றோரை உள்ளே விடமாட்டார்கள், அதனால் அறிமுகமில்லாத பெரியவரோடு தனியாக உட்காரத் தயங்கும் பிள்ளையை முன்பே ஒருமுறை அழைத்துப்போய் இடத்தைக் காட்டிவிடுவது நல்லது. சளி, காய்ச்சல் என்றால் தள்ளிப்போடுங்கள். சரியாக வரவில்லை என்று உடனே மறுபடி எடுக்கவும் முடியாது: கேள்விகள் நினைவிலிருக்கும் என்பதால் ஓராண்டாவது இடைவெளி கேட்பார்கள்.

செலவு சில நூறு டாலரில் தொடங்கி, விரிவான மதிப்பீடு என்றால் ஆயிரத்தைத் தாண்டும். கல்விக்காக எடுக்கும் சோதனைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது. பிள்ளைக்குப் பேச்சுத் தாமதமோ கவனக்குறைவோ வேறு குறைபாடோ இருக்கலாம் என்ற சந்தேகமும் இருந்தால், 3 வயது முதலே பள்ளி மாவட்டத்திடம் இலவச மதிப்பீடு கேட்கும் உரிமை கூட்டாட்சிச் சட்டத்தில் இருக்கிறது. மீத்திறனுக்கு மட்டும் அந்த உரிமை இல்லை.

அறிக்கை வந்ததும் எல்லாரும் ஒற்றை எண்ணைத்தான் தேடுவார்கள். சராசரி 100, விலகல் 15; அதாவது மூன்றில் இரண்டு பிள்ளைகள் 85க்கும் 115க்கும் நடுவே வருவார்கள். 130 என்றால் நூற்றில் முதல் இரண்டு பேருக்குள். ஆனால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில், உண்மை மதிப்பெண் எதற்கும் எதற்கும் நடுவே இருக்கலாம் என்று ஒரு வரம்பு அச்சாகியிருக்கும், அதையும் சேர்த்துப் படியுங்கள். 128க்கும் 131க்கும் உண்மையில் வித்தியாசமில்லை. நாலு வயது மதிப்பெண் எட்டு வயதில் அப்படியே இருக்கும் என்றும் எடுத்துக்கொள்ளக்கூடாது; ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். 2012இல் வெளியானது, ஒப்பிடுவது அக்காலப் பிள்ளைகளோடு என்பதால் இன்றைய பிள்ளைக்குக் கொஞ்சம் தாராளமாகவே எண் வரக்கூடும். உளவியலாளர் எந்தப் பதிப்பை வைத்திருக்கிறார் என்று கேட்பது இதற்காகவும்தான்.

இந்தச் சோதனை சொல்லாத விஷயம், கிண்டர்கார்டன் ஆசிரியருக்கு உண்மையில் தேவைப்படும் விஷயம்: பிள்ளை என்ன படிக்கிறது, எந்தக் கணக்குப் போடுகிறது. விப்சியில் வாசிப்பும் எழுத்தும் இல்லை. வயதுக்கு முன் சேர்க்கையோ வகுப்புத் தாண்டலோ கேட்பதானால், வயாட்-4 அல்லது உட்காக்-ஜான்சன் போன்ற, பிள்ளை இதுவரை கற்றதை அளக்கும் அடைவுச் சோதனையையும் அதே உளவியலாளரிடம் எடுத்துவிடுங்கள். வகுப்புத் தாண்டும் முடிவுக்கு அயோவா பல்கலைக்கழகத்தின் பெலின்-பிளாங்க் மையம் உருவாக்கிய முறை இருக்கிறது. திறன், கல்வி அடைவு, சமூகப் பழக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதால் பள்ளியோடு பேசும்போது அது நல்ல அடித்தளம். மூன்றாம் வகுப்புப் புத்தகம் வாசிக்கும் பிள்ளைக்கும் ஜிப் போடத் தெரியாமல் இருக்கலாம், கத்தரிக்கோல் பிடிக்க வராமல் இருக்கலாம். அதில் அதிசயம் எதுவும் இல்லை, கை வளர்ச்சி வயதோடு போகிறது.

பள்ளிக்கு அறிக்கையைக் கொடுக்கும்போது முழுப் பிரதியை முதல் நாளே நீட்ட வேண்டாம். வகுப்பு தொடங்கி மூன்று நாலு வாரம் போகட்டும், ஆசிரியர் பிள்ளையைப் பார்க்கட்டும். பிறகு நேரம் கேட்டு, பிள்ளை கடந்த மாதம் தானாக வாசித்த புத்தகங்களின் பட்டியலும் தேதியிட்ட எழுத்து மாதிரி இரண்டும் கொண்டுபோங்கள். கேட்பது ஒன்றே ஒன்றாக, உடனே செய்யக்கூடியதாக இருந்தால் நடக்கும்: எழுத்துப் பயிற்சி நேரத்தில் சொந்தப் புத்தகம் வாசிக்க அனுமதி, அல்லது வாசிப்பு நேரத்துக்கு மட்டும் முதல் வகுப்புக்குப் போய்வருவது. வீட்டில் சரளமாக வாசிக்கும் பிள்ளை பள்ளியில் தெரியாததுபோல நடிக்கிறது என்று கவனித்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகளோடு ஒன்றாக இருக்க வேண்டும் என்று பல பிள்ளைகள் அப்படிச் செய்கிறார்கள், ஆசிரியருக்கு அது தெரிய வழியில்லை.

கையொப்பமிட்ட அசல் அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். அதில் எல்லாப் பகுதி மதிப்பெண்களும், நூறு பேரில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று காட்டும் சதமான நிலைகளும் இருக்கட்டும், இரண்டு பக்கச் சுருக்கக் கடிதத்தோடு திருப்திப்படாதீர்கள். நெவாடாவின் டேவிட்சன் நிறுவனம் 5 முதல் 16 வயதுவரை மிக உயர்ந்த திறனுள்ள பிள்ளைகளுக்கு நடத்தும் இலவச யங் ஸ்காலர்ஸ் திட்டம் போன்றவை 145 அளவிலான மதிப்பெண்ணை எதிர்பார்க்கின்றன. அங்கே விண்ணப்பிக்கும்போது முழு அறிக்கைதான் தேவைப்படும்.