மாநில உரிமமா, வங்கிப் பதிவா? அமெரிக்க வீட்டுக் கடன் அதிகாரிகள் மீதான இருவகைக் கண்காணிப்பு

அமெரிக்காவில் வீட்டுக் கடன் விண்ணப்பத்தில் கடன் அதிகாரியின் பெயரோடு ஓர் அடையாள எண்ணும் இடம்பெறும். அவர் வங்கி ஊழியரானாலும், வங்கியல்லாத கடன் நிறுவனத்திலோ தரகு அலுவலகத்திலோ வேலை செய்பவரானாலும், எண்ணை வழங்குவது என்எம்எல்எஸ் என்ற ஒரே பதிவேடுதான். ஆனால் அந்த எண்ணைப் பெற இருவரும் கடந்து வந்த வழி வேறு. எதிரே அமர்ந்து கையெழுத்திடும் கடனாளிக்கு அந்த வேறுபாடு பெரும்பாலும் தெரிவதில்லை.

இரு வழிகளையும் வகுத்தது 2008 ஜூலையில் நிறைவேறிய 'சேஃப்' சட்டம். அதற்கு முந்தைய ஆண்டுகளில், வருமானச் சான்று கேட்காத கடன்களில் விண்ணப்பதாரரின் வருமானத்தை அவருக்கே தெரியாமல் கூட்டி எழுதிய அதிகாரிகள் இருந்தனர். வட்டி கூடினால் தமக்குக் கமிஷனும் கூடும் என்பதால், குறைந்த வட்டிக்குத் தகுதியுள்ளவரையும் அதிக வட்டிக் கடனில் தள்ளியவர்களும் இருந்தனர். ஒரு மாநிலத்தில் உரிமம் பறிபோனவர் இன்னொரு மாநிலத்தில் கடை விரிப்பதும் எளிதாக இருந்தது.

வங்கியல்லாத நிறுவனத்திலோ தரகு அலுவலகத்திலோ வேலை செய்பவர் பெற வேண்டிய மாநில உரிமத்துக்கான வழி கடினமானது. 20 மணி நேரப் பாடம் படிக்க வேண்டும். அதில் 3 மணி நேரம் நெறிமுறைக்கும் மோசடித் தடுப்புக்கும் உரியது. தேர்வில் 75 சதவீத மதிப்பெண் வேண்டும். ஆண்டுதோறும் 8 மணி நேரம் மறுபடியும் படிக்க வேண்டும். கைரேகை எஃப்பிஐக்குப் போகும். கடந்த 7 ஆண்டுகளில் பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருந்தால் உரிமம் கிடையாது. அக்குற்றம் மோசடியோ நம்பிக்கைத் துரோகமோ என்றால் எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் கிடையாது.

வங்கி அதிகாரியும் கைரேகையும் பத்தாண்டு வேலை வரலாறும் தந்தே பதிவு செய்கிறார். ஆனால் அவருக்குத் தேசியத் தேர்வும் இல்லை, 20 மணி நேரப் பாடமும் இல்லை. பயிற்சி தருவது வங்கியின் பொறுப்பு. வங்கியையே கூட்டாட்சி அமைப்புகள் நேரடியாகத் தணிக்கை செய்வதால் ஊழியருக்குத் தனி உரிமம் வேண்டியதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அது முழுக்கத் தள்ளத்தக்கதல்ல. நாணயமின்மை சார்ந்த குற்றத்தில் தண்டனை பெற்றவரை வைப்புக் காப்பீட்டு நிறுவனமான எஃப்டிஐசியின் ஒப்புதலின்றி வங்கி பொதுவாக வேலைக்கு அமர்த்த முடியாது.

ஆக, தேர்வு இருப்பதாலேயே மாநில வழி மேலானதா? 2022 ஜனவரியில் 42 மாநிலங்களின் கண்காணிப்பு அமைப்புகள், கட்டாயப் பாடங்களைத் தாமே படிக்காமல் படித்ததாகக் காட்டிய 400க்கும் மேற்பட்ட அதிகாரிகளுடன் உடன்படிக்கை செய்தன; அவர்கள் மூன்று மாதங்களுக்கு உரிமத்தை ஒப்படைத்து, உரிமம் பெற்ற ஒவ்வொரு மாநிலத்துக்கும் 1,000 டாலர் செலுத்த வேண்டியிருந்தது. நெறிமுறைப் பாடத்திலேயே ஏமாற்றியவர்கள், கடன் விண்ணப்பத்தில் உண்மையை எழுதுவார்கள் என்று எதை வைத்து நம்புவது?

என் கணிப்பில், மாநில வழியின் பலம் தேர்வுத்தாளில் இல்லை. தனி அதிகாரி ஒருவரின் உரிமத்தை நிறுத்திவைக்கவும் பறிக்கவும் ஓர் அரசுத் துறைக்கு நேரடி அதிகாரம் இருக்கிறது. அந்த நடவடிக்கை பதிவேட்டின் இலவசப் பொதுத்தளத்தில் ஏறுகிறது. ஒரு மாநிலம் பறித்த உரிமத்தை அடுத்த மாநிலம் கண்டும் காணாமல் விட முடியாது. தவறு செய்த வங்கி ஊழியரின் மீது முதலில் கை வைப்பது பெரும்பாலும் அவருடைய வங்கிதான். சத்தமில்லாமல் வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டால், பொதுத்தளத்தில் பார்ப்பவருக்கு அது வெறும் பணிமாற்றமாகவே தெரியும்.

கமிஷன் விஷயத்தில் இரு தரப்பும் ஒன்றே. கடனின் வட்டியையோ மற்ற நிபந்தனைகளையோ வைத்து அதிகாரிக்கு ஊதியம் தரக் கூடாது என்ற கூட்டாட்சி விதி இருவரையும் கட்டுப்படுத்துகிறது. கூட்டி வைத்த வட்டிக்கான ஆசையை வேரிலேயே வெட்டியது அதுதான்.

2019 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு ஒன்றில் இரு வழிகளின் முரண் பளிச்சென்று தெரிகிறது. ஓராண்டாவது பதிவில் இருந்த வங்கி அதிகாரி, வங்கியல்லாத நிறுவனத்துக்கு மாறி உரிமத்துக்கு விண்ணப்பித்தால், முடிவு வரும்வரை ஏறத்தாழ 120 நாட்களுக்குத் தற்காலிகமாகக் கடன் வேலை பார்க்கலாம். அதற்குள் தேர்வையும் பாடத்தையும் முடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ள வேண்டும். அவரே பழைய வங்கிக்குத் திரும்பிவிட்டால், அந்தத் தேர்வை யாரும் கேட்கப் போவதில்லை.