பெட்டா மீனுக்குக் குழாய் நீரா, கிணற்று நீரா?

நாகர்கோவிலில் குழாயில் வருவது அணை நீர். அதில் கலக்கும் குளோரின், தொட்டியில் வளர்க்கும் சண்டை மீனான பெட்டாவின் செவுள்களைப் புண்ணாக்கிவிடும். வாயகன்ற வாளியில் 24 மணி நேரம் திறந்து வைத்தால் பெரும்பாலும் வெளியேறிவிடும். அவசரத்துக்கு மீன் கடையில் குளோரின் நீக்கி கிடைக்கிறது.

கிணற்று நீரில் அந்தத் தொல்லை இல்லை, பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தாலொழிய. ஆனால் கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கலாம். நாக்கில் கரித்தால் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் தக்கலை, திருவட்டாறு பக்கத்து நல்ல கிணறு என்றால் என் தேர்வு அதுதான்.

எதுவானாலும் முழு நீரையும் ஒரேயடியாக மாற்றுவது கொடுமை. வெப்பம் சட்டென்று மாறினால் துடுப்புகளை மடக்கிக்கொண்டு மீன் அடியில் ஒடுங்கிவிடும். வாரம் கால் பங்கு மட்டும், தொட்டி நீரின் அதே வெப்பத்தில், 24 முதல் 28 டிகிரிக்குள் ஊற்றுங்கள்.