கொம்புள்ளதும் கொம்பில்லாததும்: பிரிட்டனின் இரு மரத்தத்துப்பூச்சிகள்

செடிச் சாற்றை உறிஞ்சி வாழும் மரத்தத்துப்பூச்சிகளில் (treehoppers) உலகில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பிரிட்டனில் இயல்பாக வாழ்பவை இரண்டுதான்: சென்ட்ரோட்டஸ் கார்னூட்டஸ், கார்காரா ஜெனிஸ்டே.

முதலாவதை 1758இல் உயிரியல் வகைப்பாட்டாளர் லின்னேயஸ் சிக்காடா பேரினத்தில் சேர்த்து விவரித்தார். சென்ட்ரோட்டஸ் என்ற தனிப் பேரினத்தைப் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் 1803இல்தான் அமைத்தார். கார்காரா ஜெனிஸ்டேயை 1775இல் விவரித்தவரும் அவரே. இரண்டும் சென்ட்ரோட்டினே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை, அதற்குள் வரும் இனக்குழுதான் (tribe) வேறு.

அடையாளம் காணத் தலைக்குப் பின்னால் உள்ள முன்மார்புக் கவசம் போதும். சென்ட்ரோட்டஸுக்குப் பக்கத்துக்கொன்றாகக் கூரிய கொம்புகள். முதுகின் மேல் அலையலையாகப் பின்னோக்கி நீளும் முள். ஏறக்குறைய பாதி அளவேயுள்ள கார்காராவுக்குக் கொம்பே கிடையாது, பின்முள் மட்டும் உண்டு.

சென்ட்ரோட்டஸ் பல தாவரங்களில் வாழ்வதால் காடுகளில் பரவலாகக் கிடைக்கிறது. கார்காராவோ பெரும்பாலும் மஞ்சள் பூக்கும் புரூம் புதர்களைச் சார்ந்தது; பிரிட்டனில் தெற்கு இங்கிலாந்தில், அதுவும் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே காணப்படுகிறது. கொம்புள்ளதற்குத்தான் புகழ் அதிகம். ஆனால் புதரை வெட்டினால் வாழிடமே போய்விடும் இந்தச் சிறியதைத் தேடிப் பதிவு செய்வதே அவசரம் என்பேன். எறும்புகள் மொய்க்கும் புரூம் தண்டுகளில் முதலில் பாருங்கள். கார்காராவின் இளம்பூச்சிகள் சுரக்கும் இனிப்பு நீருக்காகவே அவை வருகின்றன.