ஃப்ராய்டின் சோபாவா, பெக்கின் நோட்டுப் புத்தகமா?

மனச்சிக்கலுக்கு ஃப்ராய்டு தொடங்கிய உளப்பகுப்பாய்வா, ஆரோன் பெக் உருவாக்கிய சிபிடி எனும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையா என்று தடுமாறுபவர்களுக்கு:

சிக்கலின் ஊற்று: ஃப்ராய்டுக்கு, நாமே அறியாத நனவிலி மனத்தில் புதைந்த ஆசைகள். ஆரோன் பெக்குக்கு, சட்டென்று தலைகாட்டும் தானியங்கி எண்ணங்களே உணர்ச்சியையும் செயலையும் இழுத்துச் செல்பவை. (பெக்கும் உளப்பகுப்பாய்வு பயின்றவர்தான், 1960களில் தடம் மாறினார்.)

காலம்: முன்னதற்கு வாரம் நான்கைந்து நாள், ஆண்டுக்கணக்கில். பின்னதற்குப் பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகள்.

செலவு: முன்னதற்குத்தான் அதிகம், சொல்லவே வேண்டாம்.

உழைப்பு: அங்கே படுத்துக்கொண்டு தோன்றியதைப் பேசலாம். இங்கே வீட்டுப்பாடம் உண்டு. "நண்பன் பதில் அனுப்பவில்லை, என்னை வெறுக்கிறான்" என்ற எண்ணத்தை எழுதிவைத்து, அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் ஆதாரம் தேட வேண்டும்.

பதற்றம், மனச்சோர்வு என்றால் என் தேர்வு சிபிடி. ஒரே மாதிரியான உறவுச் சிக்கலில் திரும்பத் திரும்ப விழுபவர், பணமும் பொறுமையும் இருந்தால், சோபாவில் படுக்கலாம்.