ஆர்.வி. வாட்டர் ஹீட்டரில் டிரெயின் வால்வு: சில சீசன்கள் ஓட்டிப் பார்த்த பிறகு

ஆர்.வி.யில், அதாவது வீடுபோல் தங்கிக்கொண்டே பயணிக்கும் வண்டியில், வாட்டர் ஹீட்டரை வடிக்க வழக்கமாக இருப்பது ஒரே வழிதான். வெளிக்கதவைத் திற, டேங்கின் கீழ்ப்பக்கத்து பிளக்கைக் கழற்று, ஒதுங்கி நில். 6 கேலன் டேங்க் என்றால் ஏறக்குறைய 23 லிட்டர் தண்ணீர். அது நேராகத் தரையில் விழுந்தால் யாருக்கும் கவலையில்லை. ஆனால் ஹீட்டர் பெட்டியின் விளிம்பில் மோதித் தெறித்து, பர்னரையும் கேஸ் வால்வையும் நனைத்து, வண்டியின் பக்கவாட்டில் சுண்ணாம்பைக் கோடு கோடாக இறக்கிவிட்டுத்தான் போகும். ஸ்பேனர் பிடித்த கைவழியே சட்டைக்குள்ளும் கொஞ்சம் இறங்கும்.

இந்தத் தொல்லைக்காகத்தான் பிளக்கின் இடத்தில் ஒரு டிரெயின் வால்வை மாட்டினேன். பித்தளை வால்வு, சின்னக் கைப்பிடி, ஹோஸ் செருக ஒரு முனை. ஹோஸை வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டுத் திறந்தால் போதும். சுத்தம் என்ற ஒரு விஷயத்தில் குறை சொல்ல முடியாது. பெட்டிக்குள் ஒரு சொட்டு ஈரம் இருக்காது.

வாங்கும் முன் உங்கள் டேங்க் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சபர்பன் என்ற நிறுவனத்தின் ஹீட்டர்களில் உள்ளே கண்ணாடிப் பூச்சு பூசிய இரும்பு டேங்க். அதன் டிரெயின் பிளக்கும் ஆனோடு ராடும், அதாவது டேங்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத் தடியும், ஒன்றே. டேங்கின் இரும்புக்குப் பதிலாக ராடு அரித்துப்போகும், அதுதான் அதன் வேலை. அங்கே வெறும் வால்வை மாட்டினால் அடுத்து அரிக்கப்போவது டேங்க்தான். அதற்கென்று ராடும் வால்வும் சேர்ந்தே வருகிற வகை உண்டு, என்னுடையது அதுதான். இன்னொரு பிராண்டான அட்வுட் ஹீட்டர்களில் அலுமினிய டேங்க், ராடே கிடையாது. நைலான் பிளக் போட்டிருப்பார்கள். மரை போனால் பிளக்கோடு போகட்டும், டேங்குக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதுதான் கணக்கு. அதனால் அங்கே பித்தளையைத் திருகுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வால்வு இருக்கிறதே என்று அவசரப்பட முடியாது. முதலில் கேஸையும் மின்சாரத்தையும் நிறுத்த வேண்டும். காலி டேங்கில் ஹீட்டிங் எலிமென்டுக்குக் கரண்ட் போனால் அது சில நொடிகளில் கருகிவிடும், எனவே உள்ளே இருக்கும் சுவிட்சின் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுவேன். அப்புறம் தண்ணீர் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். பம்பையும் வெளியிலிருந்து வரும் குழாயையும் அடைத்துவிட்டு, சமையல் மேடையின் சுடுநீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்க வேண்டும். இந்த ஒரு படியைச் செய்தாலே பாதித் தெறிப்பு போய்விடும், வால்வு இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். கடைசியாக மேலே இருக்கும் பிரஷர் ரிலீஃப் வால்வின் நெம்புகோலைத் தூக்கிவிட வேண்டும். காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் சீராக வெளியே வரும், இல்லையென்றால் கொடகொடவென்று விக்கிக்கொண்டே இருக்கும்.

இனி குறைகள். வால்வின் துவாரம் சின்னது. பிளக்கைக் கழற்றினால் சட்டென்று முடிகிற வேலை இதில் இழுத்துக்கொண்டே போகும். அது கூடப் பரவாயில்லை. டேங்கின் அடியில் படிகிற சுண்ணாம்புச் செதில்களும் ராடிலிருந்து உதிர்கிற துணுக்குகளும் இந்தத் துவாரத்தைத் தாண்டி வருவதில்லை. ஹோஸில் தண்ணீர் நூலாக மெலிந்தால் செதில் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் கொஞ்சம் மாவுபோல் வெள்ளையாக வரும், திரும்ப அடைக்கும். ஒளிபுகும் பிளாஸ்டிக் ஹோஸும் வெயிலில் மங்கி விறைத்துப்போனது. சாதாரண ரப்பர் ஹோஸ் நன்றாகவே உழைக்கிறது.

அதனால் வால்வு இருந்தும் சீசன் முடிவில் ராடைக் கழற்றத்தான் செய்கிறேன். டேங்க் ஏற்கெனவே வடிந்திருப்பதால் இப்போது தெறிப்பு கிடையாது. திறப்பு கொஞ்சம் மேலே இருப்பதால் அடியில் சிறிது தண்ணீர் எப்போதும் தங்கும், கசடும் அதில்தான் கிடக்கும். வளைந்த மெல்லிய குழாய் முனை ஒன்றை உள்ளே விட்டு, தண்ணீரைப் பீய்ச்சி, தெளிந்து வரும் வரை அலசுவேன். ராடைக் கழற்ற 1 1/16 அங்குல சாக்கெட்டும் நீளமான கைப்பிடியும் வேண்டும். புதிதாக இருக்கும்போது வழவழப்பான தடி, இப்போது குண்டும் குழியுமாக, சில இடங்களில் நடுக்கம்பி தெரிய இருக்கும். முக்கால்வாசி கரைந்ததும் மாற்றிவிடச் சொல்கிறது நிறுவனம்.

அடிக்கடி வண்டியை நிறுத்திவைத்து எடுப்பவர்களுக்கு இந்த வால்வு கொடுத்த காசுக்குத் தகும். வருடத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்துக்கு முன் மட்டும் வடிப்பவர் என்றால் வேண்டாம். அழுத்தத்தை இறக்கிவிட்டு, பெட்டியின் விளிம்பில் ஒரு பழைய பிளாஸ்டிக் தாளை மடித்து வாய்க்கால்போல் செருகினால் வேலை முடிந்தது.

திரும்ப மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப் சுற்றி, முதலில் கையால் திருகி, பிறகுதான் ஸ்பேனர். ரிலீஃப் வால்வை மூடிவிட்டுத் தண்ணீரை விடுங்கள். சுடுநீர்க் குழாயில் காற்றுத் துப்பல் நின்று ஒரே சீராக வந்தால் டேங்க் நிரம்பிவிட்டது. வால்வைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்து, ஈரம் இல்லையென்றால், சரி, சுவிட்சின் மேல் ஒட்டிய டேப்பை எடுத்துவிடலாம்.