‘மரச்சீனி மாவுப் பை’ என்று வாங்கி ஏமாந்தேன், கவனமாக இருங்கள்

போன வருடம் நாகர்கோவிலில் ஒரு கண்காட்சியில் குப்பைப் பை வாங்கினேன். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) மாவில் செய்தது, மண்ணில் புதைத்தால் மூன்றே மாதத்தில் மக்கிவிடும் என்றார் விற்றவர். வெந்நீரில் பச்சை நிறப் பைத் துண்டு ஒன்றைப் போட்டுக் கலக்கினார். கண்ணெதிரே கஞ்சித்தண்ணீர் மாதிரி கரைந்தது. விளையில் மரச்சீனி நட்டு வளர்ந்தவளுக்கு அதற்குமேல் என்ன சந்தேகம் வரும்? ஒரு சுருள் 190 ரூபாய் என்று மூன்று வாங்கினேன்.

மீன் கழிவு, காய்கறித் தோல் எல்லாவற்றையும் அந்தப் பையோடேயே வாழைமூட்டில் புதைத்து வந்தோம். எட்டு மாதம் கழித்துப் புதுக் கன்று வைக்க மண்ணை வெட்டினால், மீன் முள்ளே உதிர்ந்து போயிருந்தது. பை மட்டும் நக அளவு துண்டுகளாக வேரோடு ஒட்டிக் கிடந்தது. பிடித்து இழுத்தால் இன்னும் பொடியானது. அம்மாவின் கோழிகள் ஓடி வந்து அதைக் கொத்தியதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

மிச்சம் இருந்த சுருளில் ஒரு துண்டைக் கிழித்து வெந்நீரில் போட்டேன். அரை மணி நேரம் ஆகியும் சுருங்கி மிதந்ததே தவிர கரையவில்லை. கரைத்துக் காட்டியது ஒன்று, கட்டி விற்றது வேறு! போனில் கேட்டால், “அக்கா, உங்க மண்ணு அப்படி” என்கிறார். பில்லும் தரவில்லை.

தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1-இல் தடை வருவதற்கு முன்பே பிளாஸ்டிக் பையை ஒதுக்கிய மாவட்டம் நம்முடைய கன்னியாகுமரி. அதனால்தான் ‘மக்கும்’ என்ற சொல்லை வைத்து இங்கே விலை ஏற்றுகிறார்கள். மக்கும் பை விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று வேண்டும், மக்கும் பிளாஸ்டிக்குக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 17088-இன்படி இருக்க வேண்டும். என் சுருளில் இலைப் படம் மட்டும்தான், தயாரித்தவர் பெயர்கூட இல்லை. இன்னொன்று, அந்தத் தரமே 58 டிகிரி வரை சூடேறும் பெரிய உரக்கிடங்குகளை மனதில் வைத்தது. அசல் பையானாலும் வீட்டுக் குழியில் மூன்று மாதத்தில் மக்கும் என்று நம்பாதீர்கள்.

யாராவது கரைத்துக் காட்டினால், நீங்கள் காசு கொடுக்கும் சுருளிலிருந்தே துண்டு கிழித்துப் போடச் சொல்லுங்கள். பில் வாங்குங்கள், ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். எங்கள் வீட்டில் இப்போது பையே கிடையாது, மூடி போட்ட வாளிதான். ஞாயிறுதோறும் அம்மாவும் நானும் அந்த மண்ணை அரிப்பில் சலிக்கிறோம். பச்சைத் துண்டு இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது.