42,500 ரூபாய் போச்சு: வேனுக்குப் பேட்டரி செட் வாங்கப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

எரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். வெளியூரில் ராத்தங்கும்போது வேனில் வைத்து ஓட்டுகிற பேட்டரி-இன்வெர்ட்டர் செட்டுக்கு 42,500 ரூபாய் எண்ணிக் கொடுத்தாச்சு. இப்போது கையில் நிற்பது ஒரு கார் பேட்டரியும் உள்ளே ஒன்றுமில்லாத ஒரு பிளாஸ்டிக் சுவிட்சும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வேன் பிடித்துப் போகிறவர்கள், ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் குடில் போடுகிறவர்கள், குற்றாலம் சீசனுக்கு வேனிலேயே படுத்து எழும்புகிறவர்கள் எல்லாரும் இப்போது இந்த மாதிரி செட்டைத்தான் விசாரிக்கிறார்கள். எதை எதைப் பார்த்து வாங்கணும் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

கடைப் பெயர் போடவில்லை. பழசு புதுசு எல்லாம் விற்கிற ஒரு செல்போன் செயலியில் விளம்பரம். ஆள் இருப்பது பைபாஸ் ரோட்டோரம் ஒரு பேட்டரிக் கடையில். பேசி முடித்த சாமான் இவ்வளவு: 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. வீட்டு லைன் மாதிரி சீரான அலையாகக் கரண்ட் தருகிற 1,000 வாட் சைன்வேவ் இன்வெர்ட்டர். 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே லைனைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. சுவிட்ச் பூட்டிய பிளக் போர்டு. 25 மீட்டர் மூன்று கோர் 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அந்த பேட்டரி 1,280 வாட்-மணி. 55 வாட் விசிறி இரண்டு, 9 வாட் பல்பு நாலு, ஆக 146 வாட். இன்வெர்ட்டர் தின்கிறதையும் சேர்த்தால் 170 வாட் பக்கம். ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடணும், ராத்திரிக்குப் போதும்.

கடையில் அந்த ஆள் நடந்துகொண்ட விதம் இருக்கிறதே, அதுதான் இப்போதும் வயிற்றெரிச்சல். மீட்டரை எடுத்து நம் கையில் கொடுத்து, "நீங்களே வச்சுப் பாருங்க அண்ணாச்சி" என்றார். 13.3 வோல்ட் காட்டியது. சார்ஜர் இல்லாமல் சும்மா கிடக்கிற ஈய பேட்டரி 12.7, 12.8-க்கு மேல் காட்டாது. ஆக அது லித்தியமேதான். வயர் நுனியில் ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிக் காட்டினார், உள்ளேயும் சிவப்பு. போர்டுக்குக் கரண்ட் கொடுத்து டெஸ்ட் பட்டனை அமுக்கச் சொன்னார். சுவிட்ச் டக்கென்று விழுந்து லைனைத் துண்டித்தது. அதோடு விட்டாரா? "1,000 வாட் இழுத்தா 12 வோல்ட்ல 83 ஆம்பியர், நட்டத்தோட 95 வந்துரும். 25 ஸ்கொயர் எம்எம் வயர்ல லக் (வயர் நுனியில் இறுக்குகிற உலோக முனை) அடிச்சு, பாசிட்டிவ் முனை பக்கத்துலயே 125 ஆம்பியர் பியூஸ் போடணும், இல்லன்னா வேன் எரிஞ்சிரும்" என்று பாடமே எடுத்தார். எல்லாம் சரியான பேச்சு. இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? "லக்கு அடிச்சு, பெட்டிக்குள்ள பூட்டி, நாளைக்குச் சாயந்திரம் லோடு ஆட்டோல ஏத்தி விட்டுருதேன். இந்த வெயில்ல நீங்க எதுக்குத் தூக்கிட்டு அலையணும்?" என்று நன்னாரி சர்பத்தும் வாங்கிக் கொடுத்தார். 42,500 ரூபாய் அங்கேயே போனிலிருந்து போனது.

பார்த்த சாமான் வேறு, வந்த சாமான் வேறு.

பெட்டி வந்தது கிளம்புகிற அன்று சாயந்திரம், நாலு மூலையும் திருகாணி போட்டு இறுக்கி. தூக்கிப் பார்த்தால் சந்தேகம் வராத கனம். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பதினோரு கிலோ பக்கம் இருக்கும். சின்னக் கார் பேட்டரியும் பெட்டியோடு சேர்த்தால் அதே கனம்தான். திருட்டுக்கும் தராசு பிடித்திருக்கிறான்.

போன இடம் தேரிக்காடு. செம்மணல், பங்குனி வெயிலில் முழங்கை ஆழத்துக்கு ஈரமே கிடையாது. இப்படிப்பட்ட மணலில் எர்த் கம்பி அடித்தாலும் மண்ணுக்குள் கரண்ட் சரியாக இறங்காது. மொத்த மண்வழித் தடை 1,000 ஓம் என்று வையுங்கள். இரும்பு உடம்பு விசிறியில் பேஸ் கம்பி தட்டினால், 230 வோல்ட்டுக்கு மண்வழி ஓடுவது 0.23 ஆம்பியர். லோடு கூடினால் மட்டும் விழுகிற பத்து ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்ச் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. விசிறி உடம்பு முழுக்கக் கரண்டோடு நின்றுகொண்டே இருக்கும். தொட்டவர் கதி அவ்வளவுதான். ஆனால் அதே 0.23 ஆம்பியர் என்பது 230 மில்லி ஆம்பியர். 30-ல் விழுகிற ஆர்.சி.சி.பி. கண் இமைக்கும் முன்னே விழுந்துவிடும். மைக் செட்காரர் ஜெனரேட்டரிலிருந்து லைன் வாங்கினாலும், இடையில் நம்முடைய போர்டு இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். செட்டிலேயே உயிர் காக்கிற சாமான் அது ஒன்றுதான்.

போர்டுக்குக் கரண்ட் கொடுத்து டெஸ்ட் பட்டனை அமுக்கினால் விழவில்லை. மறுபடி அமுக்கினாலும் அப்படியே நின்றது. திருகாணியைக் கழற்றிப் பார்த்தால் பட்டனுக்குக் கீழே ஒரு ஸ்பிரிங் மட்டும். இரண்டு கம்பியும் சேர்ந்து நுழைய வேண்டிய வளையச் சுருள் இல்லை, பட்டனுக்கான ரெசிஸ்டர் இல்லை. மேலே 30 மில்லி ஆம்பியர் என்று பளபளவென்று ஸ்டிக்கர். புள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடத்தில் வைக்க இதைக் கொடுத்திருக்கிறான்.

போர்டை ஒதுக்கிவிட்டு, பிளாஸ்டிக் உடம்பு விசிறி இரண்டையும் இன்வெர்ட்டரிலேயே சொருகினோம். விசிறி ஙொய் என்று இரைந்தது. சைன்வேவும் இல்லை, படி படியாக வருகிற மட்ட ரகம். எட்டரை மணிக்குப் போட்டது பத்தேகாலுக்குச் செத்தது. காலையில் பெட்டியைத் திறந்தால் தெர்மாகோலுக்கு நடுவில் 35 ஆம்பியர்-மணி கார் பேட்டரி. வண்டி ஸ்டார்ட் பண்ண மட்டும் செய்த பேட்டரி அது. முழுக்க இறக்கி ஏற்றினால் சில மாதத்தில் சாகும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும், அதைக் காற்றோட்டமில்லாத பெட்டியில் அடைத்து, ஆள் படுக்கிற வேனில் வைக்கச் சொல்லி விற்றிருக்கிறான். அவனே சொன்ன 25 ஸ்கொயர் எம்எம் வயருக்குப் பதில் 6. லக் கிடையாது, இழையை முறுக்கிப் போல்ட்டில் சுற்றியிருந்தது. பியூஸ் இடத்தில் ஒரு துண்டுக் கம்பி. 25 மீட்டர் வயரைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை: செம்பு முலாம் பூசிய அலுமினியம். நல்லவேளை, இதில் ஒருவரும் 1,000 வாட் இழுத்துப் பார்க்கவில்லை.

போன் போட்டால் பதில் எப்படி வருகிறது பாருங்கள். "அண்ணாச்சி, தேரி மண்ணுல எர்த் கிடைக்காது, அதான் விழல. ஊருக்கு வந்து அமுக்குங்க, சரியாயிரும்." பச்சைப் பொய். டெஸ்ட் பட்டன் எர்த்தைத் தேடுவதே இல்லை. ஒரு ரெசிஸ்டர் வழியாகப் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில்தான் கரண்டை விடுகிறது. எர்த்தே இல்லாத இன்வெர்ட்டரிலும் அது விழுந்தாகணும். அடுத்து, "வெயிலுக்கு லித்தியம் சீக்கிரம் எறங்கத்தான் செய்யும்." சூட்டில் பேட்டரியின் ஆயுள் குறையும், ரொம்பச் சூடானால் உள்ளிருக்கிற சர்க்யூட் சார்ஜை நிறுத்தும், ஏழு மணி நேரம் ஒன்றே முக்கால் மணி நேரமாகச் சுருங்காது. கார் பேட்டரி படத்தை அனுப்பியதும், "பெட்டியத் தொறந்துட்டியல்லா? தொறந்தா வாரண்டி கெடையாது." அதற்குப் பிறகு போனை எடுப்பது ஒரு பையன்: "மொதலாளி கல்யாணத்துக்குப் போயிருக்காவ, வந்ததும் பேசுவாவ." எத்தனை கல்யாணமோ!

பில்லில் "பேட்டரி செட் 1 - 42,500" என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஆம்பியர்-மணி இல்லை, சீரியல் நம்பர் இல்லை. செயலிக்காரர்களிடம் புகார் போட்டால், நேரில் சந்தித்துச் செய்த வியாபாரத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று மூன்று வரி அனுப்பிப் புகாரை மூடிவிட்டார்கள். விளம்பரம் மட்டும் இன்னும் அப்படியே ஓடுகிறது, அதே 42,500 ரூபாய்க்கு. அதைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்தாகிவிட்டது. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரைக்குமான சாமானுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போடணும்.

எதைப் பார்த்து வாங்கணும் என்று கடைசியில் சொல்கிறேன் என்றேன், வரிசையாகச் சொல்ல இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் எழுதுகிறேன். பரிசோதித்த சாமானை அந்த இடத்திலேயே வண்டியில் ஏற்றுங்கள், "அனுப்பி வைக்கேன்" என்றால் பணம் கொடுக்காதீர்கள். பில்லில் ஆம்பியர்-மணியும் சீரியல் நம்பரும் எழுத வையுங்கள். ஆர்.சி.சி.பி.யை மட்டும் தனியாக நல்ல எலக்ட்ரிகல் கடையில் வாங்கி, போகிற இடத்தில் முதல் வேலையாகப் பட்டனை அமுக்கிப் பாருங்கள். விழாவிட்டால் அந்த போர்டில் எதையும் சொருகாதீர்கள். வயரைச் சுருட்டி வைத்தபடி லோடு போடாதீர்கள், சுருளின் நடுவில் சூடேறித் தொலி உருகும். இண்டக்‌ஷன் அடுப்பு 1,600, 2,000 வாட் இழுக்கும், இந்த மாதிரி செட்டுக்கு ஆகாது, கேஸ் அடுப்பே போதும். தெருவிளக்குக் கம்பியில் கொக்கி போடவே கூடாது. உயிரும் போகும், 2003 மின்சாரச் சட்டம் 135-வது பிரிவில் கேஸும் விழும். ஜெனரேட்டர் வைத்தால் வேனுக்கு அடியிலோ படுதா ஓரத்திலோ வைக்க வேண்டாம், காற்று நம்மை விட்டு வெளியே போகிற திசையில் தள்ளி வையுங்கள். அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.